சப்பாத்துப் பெட்டியும் பிரித்தெடுத்த திரையும்

வீட்டிலேயே வீடியோ புரொஜெக்டர் செய்ய இன்று இரண்டு வழிகள் பரவலாகப் புழங்குகின்றன. முதலாவது சப்பாத்துப் பெட்டி. அதன் ஒரு முனையில் வட்டமாக வெட்டிப் பூதக்கண்ணாடியைப் பொருத்தி, உள்ளே போனை நிறுத்தினால், போன் திரையில் ஓடும் படம் சுவரில் பெரிதாக விழும். இரண்டாவதற்கு வேலை அதிகம். 7 அங்குல எல்.சி.டி. திரையொன்றைப் பிரித்து, பின்விளக்கையும் அதன் வெள்ளைத் தாள்களையும் கழற்றிவிட்டு, அந்த வெறும் கண்ணாடிக்குப் பின்னால் 100 வாட் எல்.இ.டி. ஒன்றையும் முன்னால் ஒரு வில்லையையும் வைக்கவேண்டும். இரண்டையும் இரத்தினபுரித் தோட்டப்புறத்தை மனதில் வைத்து, பத்துக்குப் பன்னிரண்டு அடி லயன் காம்பராவிலும் தகரக்கூரைப் பள்ளிக்கூடத்திலும் பாவிப்பதற்காக எடைபோட்டுப் பார்க்கிறேன். கொழும்பில் குளிரூட்டிய அறையில் இருப்பவருக்கு இந்த முடிவுகள் அப்படியே பொருந்தாது.

இரண்டுக்கும் உள்ள அடிப்படை வேறுபாட்டை விலையிலோ பெட்டியின் அளவிலோ தேடக்கூடாது. போன் திரை தானே ஒளிவிடும் பொருள். அது விடுகிற ஒளியில் வில்லைக்குள் நுழைகிற கொஞ்சம் மட்டுமே சுவருக்குப் போகும். பிரித்தெடுத்த திரைக்குச் சொந்த ஒளி கிடையாது. பின்னாலிருந்து வரும் ஒளியை எங்கே விடுவது, எங்கே மறிப்பது என்பதை மட்டும் அது தீர்மானிக்கிறது. ஹொலந்து அறிஞர் ஹொய்கன்ஸ் 1659இல் செய்த மாய விளக்கு இந்த இரண்டாவது குடும்பம்: பின்னால் விளக்கு, நடுவில் வண்ணம் தீட்டிய கண்ணாடி, முன்னால் வில்லை. 1905இல் திருச்சியில் டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் படக்கருவியை வாங்கிக்கொண்டு ஊர் ஊராகக் கூடாரம் போட்டுப் படம் காட்டிய சாமிக்கண்ணு வின்சென்ட்டின் கையிலிருந்ததும் இதே குடும்பந்தான். கண்ணாடியின் இடத்தில் படச்சுருள் ஓடியது, அவ்வளவே. சப்பாத்துப் பெட்டியின் முன்னோர் வேறு. இருட்டறையில் ஒரு துளை வழியாக வெளிக்காட்சி சுவரில் விழுமே, அந்த வழியில் வந்தது அது. வெளிச்சம், தலைகீழ்ப் படம், சூடு, மின்சாரம் என்று பின்னால் வருகிற எல்லாச் சிக்கல்களும் இந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே பிறக்கின்றன.

வெளிச்சத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தாலே பாதி ஏமாற்றத்தைத் தவிர்க்கலாம். நல்ல போன் ஒன்றின் திரை சதுர மீற்றருக்கு 500 கன்டெலா அளவில் ஒளிரும். 15 சென்ரிமீற்றர் நீளமும் 7 சென்ரிமீற்றருக்குச் சற்றுக் குறைந்த அகலமும் கொண்ட திரையில், முழு வெள்ளையாக இருக்கும்போது மொத்தம் 16 லூமன் அளவு ஒளி வெளிப்படும். அது எல்லாத் திசையிலும் சிதறுகிறது. 7.5 சென்ரிமீற்றர் விட்டமும் 15 சென்ரிமீற்றர் குவியத்தூரமும் உள்ள பூதக்கண்ணாடி அதில் நூற்றுக்கு நாலைந்து பங்கைத்தான் பிடிக்கும். ஒரு லூமன்கூடத் தேறாது. சுவரிலிருந்து ஒரு மீற்றர் தூரத்தில் பெட்டியை வைத்தால் 85 சென்ரிமீற்றர் அகலப் படம் கிடைக்கும். அதன்மேல் விழும் வெளிச்சம் இரண்டு லக்சுக்கும் குறைவு. முழுநிலவு கால் லக்ஸ் அளவு தருகிறது என்பதை நினைத்தால், நிலவைப்போல ஏழெட்டு மடங்கு. இருட்டுக்குக் கண் பழகியபின் பார்க்கலாம். படத்தைப் பெரிதாக்கும் ஆசையில் மூன்று மீற்றர் பின்னே போனால், அகலம் கிட்டத்தட்ட மூன்று மீற்றராகிவிடும். வெளிச்சமோ வெறும் நிலவொளிக்கு இறங்கிவிடும். சப்பாத்துப் பெட்டியால் சுவர் முழுக்கப் படம் தெரிவதாகக் காட்டும் விளம்பரப் படங்களை நம்பவேண்டாம் என்று சொல்வதற்கு இந்தக் கணக்கே போதும்.

பிரித்தெடுத்த திரையின் கணக்கில் நட்டம் இன்னும் அதிகம், ஆனால் கைமுதல் மிகப் பெரிது. 100 வாட் எல்.இ.டி. 9,000 லூமன் அளவு தரும். அதில் மூன்றில் ஒன்றைத் திரைப்பக்கம் திருப்பினால் நல்ல வேலை. எல்.சி.டி. திரையின் முனைவாக்கித் தாள் பாதிக்கு மேல் விழுங்கிவிடும். எஞ்சியதில் மூன்றில் இரண்டை நிற வடிகட்டிகள் விழுங்கும். எல்லாம் போக நூற்றில் ஐந்தோ ஆறோ பங்குதான் கண்ணாடியைக் கடக்கும். கடைசியில் சுவருக்கு 100 லூமன் வந்து சேரும். 60 அங்குலப் படம் ஏறத்தாழ ஒரு சதுர மீற்றர் என்பதால், 100 லக்ஸ். திரையரங்குத் திரைக்கு உலகெங்கும் வைத்திருக்கும் அளவு சதுர மீற்றருக்கு 48 கன்டெலா; வெள்ளைச் சுவரில் அதற்கு 150 லக்ஸ் வேண்டும். ஆகவே இந்த இரண்டாவது பெட்டி திரையரங்குக்குக் கிட்டவாவது நிற்கிறது. முதலாவது நூறில் ஒரு பங்கில் நிற்கிறது. பள்ளிக்கூட மண்டபத்தில் நாற்பது பிள்ளைகளை உட்காரவைத்துக் காட்டுவதென்றால் இங்கேயே தீர்ப்பு முடிந்துவிட்டது.

ஆனால் படத்தைத் தலைகீழிலிருந்து நிமிர்த்தும் இடத்தில்தான் இரண்டின் குணமும் நன்றாக வெளிப்படுகிறது. இதைப் பற்றிச் சொல்லித்தருகிறவர்கள் பெரும்பாலும் அரைகுறையாகச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். வில்லை படத்தைத் தலைகீழாக்கும், ஆகவே போனைத் தலைகீழாக வைத்துவிடு என்பார்கள். அப்படி வைத்தால் ஆட்கள் நேராக நிற்பார்கள், உண்மைதான். எழுத்து வந்ததும் குட்டு உடையும்: தமிழ் எழுத்துகள் எல்லாம் கண்ணாடியில் பார்த்ததுபோல இடம் வலமாகப் புரண்டிருக்கும். கிரிக்கெட் போட்டால் குமார் சங்கக்கார வலக்கைத் துடுப்பாட்டக்காரராக நிற்பார். காரணம் இதுதான்: போனின் முகம் சுவரைப் பார்க்கிறது, நாமும் சுவரைப் பார்க்கிறோம். போனுக்குப் பின்னால் நிற்கிற நமக்கு அதன் இடப்பக்கம் ஏற்கெனவே வலப்பக்கம். வில்லை மேலது கீழாகவும் இடது வலமாகவும் திருப்பும்போது, இடவலம் சரியாகி மேல்கீழ் மட்டும் புரண்டு நிற்கும். அதற்காகப் போனைத் தலைகீழாக்கினால் மேல்கீழ் சரியாகி, இடவலம் மறுபடி கெட்டுவிடும். எப்படிச் சுழற்றினாலும் ஒன்று மிஞ்சும்.

போன் பெட்டிக்கு இதிலிருந்து தப்ப மூன்று வழிகள் உண்டு. படத்தை இடவலம் புரட்டிக் காட்டும் செயலியைப் போட்டுக்கொள்ளலாம். ஒளியின் பாதையில் சாய்வாக ஒரு முகக்கண்ணாடியை வைக்கலாம். ஆனால் சாதாரணக் கண்ணாடி, மேல்பரப்பிலும் பின்பக்கப் பூச்சிலுமாக இரண்டு முறை தெறித்து நிழல்போல இன்னொரு படத்தையும் சேர்த்துக் காட்டும். மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது: மெல்லிய வெள்ளை வேட்டி ஒன்றைக் காம்பராவின் குறுக்கே கட்டி, பெட்டியை ஒரு பக்கமும் பார்ப்பவர்களை மறுபக்கமும் வைப்பது. துணிக்குப் பின்னாலிருந்து பார்க்கும்போது இடவலம் தானாகவே நேராகிவிடும். வேட்டியை நனைத்துப் பிழிந்து கட்டினால் ஒளி இன்னும் நன்றாக ஊடுருவும். பன்னிரண்டு அடி நீளம் இரண்டாகப் பிரிந்துபோவதுதான் இதில் உள்ள வில்லங்கம்.

பிரித்தெடுத்த திரைக்கு இந்தத் தொல்லையே இல்லை. அது ஒளி ஊடுருவும் கண்ணாடி. எந்தப் பக்கமிருந்தும் பார்க்கலாம். முன்முகத்தை விளக்குப் பக்கம் திருப்பி, தலைகீழாக நிறுத்தினால் முடிந்தது. எழுத்தும் சரி, சங்கக்காரவும் சரி. இதை மறந்துவிட்டுப் பெட்டியின் பலகைகளை ஒட்டிவிட்டால்தான் ஆபத்து, ஏனென்றால் திரையிலிருந்து வரும் நாடா வடம் ஒரு பக்கமாகத்தான் வளையும். திரையின் பக்கத்தைத் தீர்மானித்து, வடம் போகவேண்டிய பிளவை வெட்டிய பிறகுதான் ஒட்டவேண்டும்.

இனி வில்லை. இந்த விஷயத்தில் இரத்தினபுரிக்காரருக்கு மற்ற ஊரார்க்கு இல்லாத ஒரு வசதி உண்டு. மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் இரத்தினக்கல் வாங்கி விற்பவர்கள் கண்ணோடு ஒட்டிப் பிடிக்கும் பத்து மடங்கு உருப்பெருக்கி, நல்லதாக இருந்தால், மூன்று கண்ணாடித் துண்டுகள் சேர்ந்தது. ஒற்றை வில்லையாக இருந்தால் கல்லின் ஓரத்தில் இல்லாத நிறம் தெரியும், நீலக்கல்லின் நிறத்தையே தப்பாகக் கணிக்க வைக்கும். அந்த நிற ஓரமும் விளிம்பு மங்கலும்தான் சப்பாத்துப் பெட்டிப் படத்தின் இரண்டு பெரிய குறைகள். நடுவைத் தெளிவாக்கினால் மூலைகள் கலங்கும். மூலைகளைத் தெளிவாக்கினால் நடு போய்விடும். அதைச் சரிசெய்யத் துல்லியமாக நகர்த்தி நகர்த்திப் பார்ப்பவர்கள் வீணாகக் களைத்துப்போகிறார்கள். ஒற்றை வில்லைக்குத் தட்டையான படத்தைத் தட்டையான சுவரில் ஒரே தெளிவோடு வீழ்த்தும் ஆற்றலே கிடையாது. கறுப்பு மட்டையில் சிறிய துளையிட்டு வில்லையின் முன்னால் வைத்தால் மூலைகள் ஓரளவு தெளியும். அதற்கு விலையாக இருக்கிற சொற்ப வெளிச்சமும் குறையும். கல்வியாபாரிகளின் உருப்பெருக்கியை அப்படியே போடவும் முடியாது. அதன் குவியத்தூரம் இரண்டரை சென்ரிமீற்றர்தான், 15 சென்ரிமீற்றர்த் திரையை அதனால் அள்ள முடியாது. இரண்டாவது பெட்டிக்கு 20 சென்ரிமீற்றர் அளவு குவியத்தூரமுள்ள மூன்று துண்டு வில்லை வேண்டும். பழைய ஸ்லைட் புரொஜெக்டரின் வில்லை போதாது, அது சின்னப் படச்சட்டத்துக்காகச் செய்தது.

தூரத்தைச் சரிசெய்வதில் இரண்டும் ஒரே விதிக்குத்தான் கட்டுப்படுகின்றன. சாதாரணதரப் பிள்ளைகள் விஞ்ஞானப் பாடத்தில் வரைந்து வரைந்து பார்க்கும் அதே கதிர்ப்படம்தான். 15 சென்ரிமீற்றர் வில்லையில், சுவர் ஒரு மீற்றர் தூரத்தில் இருக்கும்போது போன் வில்லையிலிருந்து 17.6 சென்ரிமீற்றர் தள்ளி நிற்கவேண்டும். சுவர் மூன்று மீற்றருக்குப் போனால் 15.8. சுவருக்கு இரண்டு மீற்றர் பயணம், போனுக்கு இரண்டு சென்ரிமீற்றருக்கும் குறைவு. எனவே போனைக் கையால் தள்ளித் தெளிவு பார்ப்பது சரிவராது. இழுப்பறைபோல ஒரு பெட்டிக்குள் இன்னொரு பெட்டி வழுக்கும்படி செய்தால் மில்லிமீற்றர் கணக்கில் நகர்த்தலாம். வில்லையின் குவியத்தூரம் தெரியாவிட்டால், பகலில் யன்னலுக்கு எதிர்ச் சுவரருகே வில்லையைப் பிடித்து, வெளியே தூரத்து மரம் சுவரில் தெளிவாக விழும் இடத்தை அடிமட்டத்தால் அளந்தால் போதும். வெயிலில் அளக்கவேண்டாம். அந்தப் பெரிய வில்லை கடதாசியை நொடியில் பற்றவைத்துவிடும்.

இரண்டாவது பெட்டியில் தெளிவைச் சரிசெய்வது கடைசி வேலை. அதற்கு முன்னால் ஒளியின் பாதையைச் சரிசெய்யவேண்டும். சப்பாத்துப் பெட்டியில் அந்த வேலையே கிடையாது. எல்.இ.டி.யிலிருந்து விரிந்து வரும் ஒளியை இணைக்கதிர்களாக்க ஒரு ஃபிரெனல் தகடும், திரையைக் கடந்தபின் அதை வில்லைக்குள் குவிக்க இன்னொன்றும் வேண்டும். ஃபிரெனல் தகடு என்பது வட்ட வட்டமாக வரிகள் வெட்டிய தட்டையான பிளாஸ்டிக் வில்லை. பள்ளிக்கூடக் களஞ்சியங்களில் தூசி பிடித்துக் கிடக்கும் பழைய ஓவர்ஹெட் புரொஜெக்டரின் மேல்கண்ணாடிக்குக் கீழே அது இருக்கும். இரண்டு தகடுகளின் வரிகளும் நடுவிலிருக்கும் திரையை நோக்கியிருக்கவேண்டும். ஆனால் திரையோடு ஒட்டக்கூடாது. ஒட்டினால் வரிகளும் புள்ளிகளும் கலந்து சுவரில் அலையலையாக வட்டங்கள் ஓடும். ஒன்றிரண்டு சென்ரிமீற்றர் இடைவெளி விட்டால் அது மறையும்.

சரிசெய்யும் ஒழுங்கு முக்கியம். முதலில் திரையை மாட்டாமல் விளக்கை மட்டும் குறைந்த மின்னோட்டத்தில் எரிக்கவேண்டும். வில்லை இருக்கவேண்டிய இடத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்தால், எல்.இ.டி.யின் மஞ்சள் சதுரம் அதில் சின்னப் படமாக விழும். அந்தச் சதுரம் வில்லையின் வாய்க்குள் முழுமையாக அடங்கும்வரை விளக்கை முன்னும் பின்னும், பிறகு பக்கவாட்டிலும் நகர்த்தவேண்டும். இது அடங்காவிட்டால் பின்னால் என்ன செய்தாலும் மூலைகள் இருளும். அடுத்து வில்லையை மாட்டிச் சுவரில் ஒரே சீரான வெள்ளை விழுகிறதா என்று பார்க்கவேண்டும். ஒரு ஓரம் மட்டும் இருண்டால் விளக்கு நடுவிலிருந்து விலகியிருக்கிறது. சுற்றிலும் பழுப்பாகவோ நீலமாகவோ நிறம் தட்டினால் விளக்குக்கும் முதல் தகட்டுக்கும் உள்ள தூரம் பிழை. இவை சரியானபிறகே திரையை உள்ளே இறக்கவேண்டும். திரையின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் மெல்லிய சிப்புகளின்மேல் நேரடி ஒளி படாமல் கறுப்புத் தாளால் மறைத்துவிட்டால் படம் தாறுமாறாகக் குதிக்காது. பெட்டியை மேல்நோக்கிச் சாய்த்தால் படம் மேலே அகன்று சரிவகமாகும். அதற்குப் பெட்டியைச் சாய்க்காமல் வில்லையை மட்டும் சிறிது மேலே உயர்த்துவதே நல்ல வழி.

சூட்டில் சப்பாத்துப் பெட்டிக்கே வெற்றி. போன் கொஞ்சம் வெதுவெதுப்பாகும், அவ்வளவுதான். 100 வாட் எல்.இ.டி. தான் வாங்கும் மின்சாரத்தில் பாதிக்கு மேல் சூடாக்கிவிடும். பழைய கணினியின் அலுமினியச் சூடுதணிப்பியும் விசிறியும் இல்லாமல் சில வினாடிகளுக்கு மேல் எரித்தால் கருகிவிடும். விழுங்கிய ஒளியைத் திரையும் சூடாகவே வைத்துக்கொள்கிறது. சூடு எல்லை மீறினால் திரவப் பளிங்கு தன் ஒழுங்கை இழந்து சுவரில் ஒரு கருந்திட்டு பரவத் தொடங்கும். உடனே அணைத்து ஆறவிட்டால் மீளும். கவனிக்காமல் விட்டால் முனைவாக்கித் தாள் கருகி மஞ்சளாகும், அது மீளாது. ஆகவே திரையின் இருபக்கமும் காற்று ஓட ஒரு விசிறி, எல்.இ.டி.க்கு இன்னொன்று. இந்த விசிறிகளின் இரைச்சலைத் தகரக்கூரையில் விழும் மழை சர்வசாதாரணமாக மூழ்கடித்துவிடும். அப்போது போனின் ஸ்பீக்கரும் சேர்ந்து மூழ்கும். ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை கொட்டும் ஊரில் ஒலிக்குத் தனியாகப் பெரிய ஸ்பீக்கர் இல்லாமல் இரண்டு பெட்டியாலும் பயனில்லை.

மழைக்கு இன்னொரு முகமும் உண்டு. ஈரக்காலத்தில் மட்டைப்பெட்டி தொய்ந்துபோகும். நேற்றுத் தெளிவாக வைத்த படம் இன்று கலங்கியிருக்கும். இறப்பர்ப் பலகையிலோ, எங்காவது கிடைத்தால் பழைய தேயிலைப் பெட்டிப் பலகையிலோ செய்தால் அளவு மாறாது. வில்லைகளில் பூஞ்சை பிடிக்காமலிருக்க, பாவிக்காத நாட்களில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய பிளாஸ்டிக் டப்பாவில் வைக்கவேண்டும். சுவரையும் கவனிக்கவேண்டும்: அடுப்புப்புகை படிந்த லயத்துச் சுவர் வெளிச்சத்தில் பாதியைத் தின்றுவிடும். ஒருமுறை வெள்ளைச் சுண்ணாம்பு பூசுவது இன்னொரு விளக்குப் பூட்டுவதற்குச் சமம்.

மின்சாரத்தில் நான் எதிர்பார்த்ததற்கு மாறாக இரண்டாவதும் அவ்வளவு மோசமில்லை. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டிருந்ததையும், 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் ஒரேயடியாக இருண்டதையும் பார்த்தவர்கள் எதைச் செய்தாலும் பற்றரியில் ஓடுமா என்று கேட்பது நியாயம். போன் தன் பற்றரியிலேயே ஓடிவிடும். எல்.இ.டி.க்கு 30 வோல்டுக்கு மேல் வேண்டும். 12 வோல்ட் பற்றரியிலிருந்து அதை உயர்த்தித் தரும் சிறிய பலகை மலிவாகவே கிடைக்கிறது. கார் பற்றரி ஒன்று, பாதிக்கு மேல் இறக்காமல் பாவித்தால், இரண்டு மணிநேரம் தாங்கும். மின்னோட்டத்தை முக்கால் பங்காகக் குறைத்தால் வெளிச்சம் சற்றுக் குறைந்தாலும் ஒரு முழுத் தமிழ்ப் படம் ஓடும், எல்.இ.டி.யின் ஆயுளும் கூடும். பழைய வயரிங் கொண்ட லயன் அறையில் 230 வோல்டைத் திறந்த பெட்டிக்குள் கொண்டுவருவதைவிட இந்தப் பற்றரி வழி பாதுகாப்பானது. பிள்ளைகள் கை வைக்கும் இடத்தில் இதைத் தவிர வேறு எதையும் நான் பரிந்துரைக்கமாட்டேன்.

சந்தையில் சின்ன எல்.இ.டி. புரொஜெக்டர்கள் வந்துவிட்டனவே, பிறகேன் இவ்வளவு பாடு என்று கேட்கலாம். அந்த மலிவுப் பெட்டிகளில் பெரும்பாலானவற்றைத் திறந்து பாருங்கள். உள்ளே இருப்பது ஒரு எல்.இ.டி., இரண்டு ஃபிரெனல் தகடு, ஒரு சின்ன எல்.சி.டி. திரை, ஒரு வில்லை. நமது இரண்டாவது பெட்டியின் தம்பிதான் அது. தூசி புகுந்து சுவரில் புள்ளி விழுந்தாலோ, ஓரம் இருண்டாலோ, திரை மஞ்சளித்தாலோ, தூக்கி மூலையில் போட்டுவிடுகிறார்கள். கையால் ஒன்றைச் செய்து சரிபார்த்த பிள்ளைக்கு அதில் எது கெட்டது என்று சுவரைப் பார்த்தே சொல்லிவிட முடியும். இறக்குவானையிலோ பலாங்கொடையிலோ காவத்தையிலோ ஒரு தோட்டப் பள்ளியில் இப்படிப்பட்ட பிள்ளைகள் நாலுபேர் இருந்தால் அது வட்டாரத்துக்கே பிரயோசனம்.

ஆகவே ஒன்றைத்தான் செய்யமுடியும் என்றால் பலரும் இரண்டாவதைச் சொல்வார்கள். நான் வரிசையாக இரண்டையும் செய்யச் சொல்வேன். சப்பாத்துப் பெட்டிக்கு ஒரு பூதக்கண்ணாடியின் விலையும் ஒரு பின்னேரமும் போதும். குவியத்தூரம், தலைகீழ், இடவலம், மூலை மங்கல் எல்லாம் அதில் கண்முன்னே தெரிந்துவிடும். ஒன்றும் கருகாது, ஒன்றும் உடையாது. வெளிச்சம் போதவில்லை என்று பிள்ளைகளே குறைப்படும்போது இரண்டாவதற்குப் போகலாம். அப்போதும் திரையை முதலில் வாங்கவேண்டாம். விளக்கு, சூடுதணிப்பி, விசிறி, இரண்டு தகடு, வில்லை ஆகியவற்றைப் பொருத்தி, சுவரில் நாலு மூலையிலும் சீரான வெள்ளை வந்தபிறகு, ஒரு மணிநேரம் எரித்துவிட்டுத் திரை வரவேண்டிய இடத்தில் வெப்பமானியை வைத்துப் பார்க்கட்டும். 50 பாகைக்குக் கீழே நின்றால் திரையை வாங்கலாம். மேலே போனால் இன்னொரு விசிறி பூட்டவேண்டும்.